சேவூர்ப் பக்கத்துப் பள்ளியில் ஒரு தண்ணீர்ச் சோதனை நாள்

போன தை மாதம், பொங்கல் முடிந்த அடுத்த வாரம், நான் தனியாகத் திருப்பூர்ப் பக்கம் போய் வந்தேன். கோயிலுக்காகவும் இல்லை, மொத்த விலையில் பனியன் வாங்கவும் இல்லை. ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியின் தோட்டத்தைப் பார்ப்பதற்காக. வழக்கமாக இங்கே கோயில், அருவி என்று எழுதுகிறவள் இதை ஏன் எழுதுகிறாள் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில். பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மகன் எட்டாம் வகுப்பு. பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் பெற்றோரில் ஒருவர் தலைவராக வேண்டும் என்றபோது எல்லோரும் என் பக்கம் கையைக் காட்டிவிட்டார்கள். கடை எதிரிலேயே இருப்பதால் கூப்பிட்டால் வந்துவிடுவேன் என்ற ஒரே தகுதிதான்.

பள்ளிக்குப் பின்னால் நாற்பத்தைந்து சென்ட் நிலம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. ஊராட்சியில் பேசி அதைச் சுத்தம் செய்தோம். அதற்கப்புறம்தான் சண்டை. பாதிப் பேர் வாலிபால் மைதானம் என்றார்கள். பாதிப் பேர் காய்கறித் தோட்டம், விவசாயப் பாடம் என்றார்கள். "படிக்க அனுப்புன பிள்ளைய நீங்க களை வெட்ட விடுவீங்களா?" என்று ஒரு அப்பா எழுந்து கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த கூட்டத்துக்குள் இதை ஒழுங்காக நடத்தும் ஒரு பள்ளியை நேரில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

என் சித்தி மகள் வளர்மதி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறாள். அவளுடன் வேலை செய்பவரின் பெண் அப்படி ஒரு பள்ளியில் படிக்கிறாள் என்று சொல்லி, வேளாண் ஆசிரியை கலாமணியின் எண்ணை வாங்கித் தந்தாள். போன் செய்தேன். "எப்ப வேணாலும் வாங்க. ஆனா வெள்ளிக்கிழமை வந்தீங்கன்னா நல்லதுங்க, அன்னைக்குத்தான் தண்ணி பாக்கற நாள்" என்றார். தண்ணீரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

வியாழக்கிழமை காலை 8.10க்குக் கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினேன். சேலத்துக்கு 11.20. டிக்கெட் தொண்ணூறு ரூபாய். சேலத்தில் சாப்பிட்டுவிட்டு 12.15க்குத் திருப்பூர் பஸ். மாலை நான்கு மணிக்குள் வளர்மதி வீட்டில் இருந்தேன். இங்கே ஒரு தப்புச் செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். சேலத்திலிருந்து கோவை போகும் பஸ்களில் பல அவிநாசி வழியாகத்தான் போகின்றன. சேவூருக்குப் போகிறவர்கள் திருப்பூர் ஊருக்குள் நுழைந்து நெரிசலில் மாட்டத் தேவையே இல்லை. ஏறும் முன் அவிநாசியில் நிற்குமா என்று மட்டும் நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை 7.40க்குத் திருப்பூரிலிருந்து அவிநாசி டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பதினான்கு கிலோமீட்டர்தான், ஆனால் முக்கால் மணி நேரம் ஆனது. கம்பெனிக்குப் போகிற கூட்டம். என் பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் நெல்லைத் தமிழில் ஏலச்சீட்டுப் பிடித்த கதை பேசினார்கள். பின்னால் நாலைந்து இளைஞர்கள் இந்தியில் போனில் பேசிக்கொண்டு வந்தார்கள். அத்தனை பேர் மடியிலும் ஒரு டிபன் பை.

அவிநாசியில் டீ குடித்துவிட்டு 8.50க்குச் சேவூர் பஸ் பிடித்தேன். எட்டு கிலோமீட்டர், இருபது நிமிடம். பள்ளி அங்கிருந்து இன்னும் ஐந்து கிலோமீட்டர் உள்ளே. ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று ஆசிரியை கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

சேவூரில் நின்ற ஆட்டோக்காரரிடம் ஊர்ப் பெயரைச் சொன்னேன். எண்பது ரூபாய் என்றார். பேரம் பேசலாமா என்று யோசிப்பதற்குள் அவரே கேட்டார்.

"ஏனுங்க, பள்ளிக்கூடத்துக்குங்களா? தண்ணி சோதிக்கற புள்ளைகளப் பாக்கவா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமப் போகுமுங்களா? எங்கூட்டுப் போர்த் தண்ணியக் கொண்டுபோய்க் குடுத்தேன். பரவால்லீங்க, மாட்டுக்கும் ஆகும், மனுசனுக்கும் ஆகும்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துட்டாங்க. அந்தச் சீட்ட இன்னும் பீரோவுல வெச்சிருக்கறனுங்க." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

9.35க்குப் பள்ளி வாசலில் இறங்கினேன். கலாமணி டீச்சருக்கு நாற்பது வயது இருக்கும். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, காலில் ரப்பர் செருப்போடு தோட்டத்திலிருந்து வந்தார். "சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பெயரைக் கேட்டார்.

பதினொன்றிலும் பன்னிரண்டிலும் வேளாண் அறிவியல் தொழிற்கல்விப் பிரிவு அங்கே இருக்கிறது. இரண்டு வகுப்பும் சேர்த்து முப்பத்தெட்டுப் பிள்ளைகள், அதில் இருபத்தொரு பேர் பெண்கள். முன்பெல்லாம் வேறு பிரிவு கிடைக்காதவர்கள் வந்து உட்காரும் இடமாக இருந்ததாம். செய்முறைக்கு என்று நிலம் கிடையாது. தொட்டியில் செடி வைத்துப் படம் வரைந்து மதிப்பெண் வாங்கிப் போவார்கள். மூன்று வருடத்துக்கு முன் பள்ளிச் சுவரை ஒட்டிய ஒன்றரை ஏக்கரை நாச்சிமுத்து என்கிற விவசாயி பள்ளிக்கு விட்டுக் கொடுத்தார். விற்கவில்லை, குத்தகையும் இல்லை. 'பிள்ளைகள் பயிர் வைத்துக்கொள்ளட்டும்' என்று ஒரு வாய்வார்த்தை, அவ்வளவுதான். தண்ணீரும் அவருடைய ஆழ்குழாயிலிருந்தே வருகிறது.

பிறகு ஒவ்வொருவராகச் சேர்ந்திருக்கிறார்கள். பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் வீடுகள் சாணம் தருகின்றன. கம்பெனிகளில் வேலை செய்யும் அம்மாக்கள் வெட்டி எறிந்த பனியன் துணியை மூட்டையாகக் கொண்டுவந்து போடுகிறார்கள். தக்காளிச் செடிகள் எல்லாம் சிவப்பும் மஞ்சளுமாகப் பனியன் துணியால் குச்சியில் கட்டப்பட்டு நின்றன. சணலைவிட அது நல்லது, தண்டை அறுக்காது என்று ஒரு பெண் எனக்கு விளக்கினாள். எந்த நாட்டுக்குப் போக வேண்டிய துணியோ, இங்கே தக்காளிக்கு இடுப்புப் பட்டையாக இருந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது தண்ணீர்ச் சோதனைதான். டையிங் ஆலைகளில் சாயம் போடும் முன் தண்ணீரில் எவ்வளவு உப்பு கலந்திருக்கிறது என்று ஒரு மீட்டரை விட்டுப் பார்ப்பார்கள். நம் வீட்டில் குடிநீர் இயந்திரம் மாட்ட வருகிறவர் பேனா போல ஒன்றைத் தண்ணீரில் விட்டு எண்ணைக் காட்டுவாரே, அதே டி.டி.எஸ். மீட்டர்தான், கொஞ்சம் பெரியது. ஒரு மாணவியின் அப்பா சலீம், ஒரு சாயப்பட்டறை லேபில் வேலை செய்கிறார். அவர்தான் ஒரு மீட்டரைப் பள்ளிக்கு வாங்கிக் கொடுத்து, பிள்ளைகளுக்கு அதைப் பயன்படுத்தவும் கற்றுக் கொடுத்தவர். இப்போது வெள்ளிதோறும் மதியம் இரண்டு மணிக்குச் சுற்று வட்டார விவசாயிகள் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். பிள்ளைகள் சோதித்து, எண்ணையும் எந்தப் பயிருக்கு அந்தத் தண்ணீர் ஆகும் என்பதையும் எழுதிக் கொடுக்கிறார்கள்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்த டீச்சர், சின்ன வெங்காயப் பாத்திக்கு வந்ததும் குனிந்து ஒரு வெங்காயத் தாளைத் தூக்கிக் காட்டினார்.

அரை ஏக்கர் வெங்காயம். ஐம்பது நாள் பயிர், பச்சைப் பசேலென்று நிமிர்ந்து நிற்க வேண்டியது. தாள்கள் நுனியிலிருந்து வைக்கோல் நிறத்தில் கருகித் தொங்கின. சொட்டுநீர்க் குழாயின் துளைகளைச் சுற்றி வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன், உப்புப் பூத்திருந்தது.

"ஊர்த் தண்ணியெல்லாம் பாத்தோமுங்க. எங்க தண்ணிய நாங்க பாக்கல" என்றார் டீச்சர். "குடுக்கற தண்ணியப் போய் சந்தேகப்படறதான்னு இருந்துட்டோம். போன வாரம் அந்தப் புள்ளைதான் குழாய்த் தண்ணியப் புடிச்சு மீட்டர்ல விட்டுருச்சு."

அந்தப் பிள்ளை எஸ்தர், பன்னிரண்டாம் வகுப்பு. எஸ்தரின் குடும்பம் நெல்லை மாவட்டத்துத் திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்தது. அம்மா பனியன் ஓரம் தைக்கும் ஓவர்லாக் டைலர். வளர்மதியுடன் வேலை செய்பவர் என்றேனே, அவர்தான். எஸ்தர் பார்த்த எண் இரண்டாயிரத்து முந்நூறுக்கும் மேல். தக்காளி ஓரளவு தாங்கும், இந்த வருடம் முதன்முதலாகப் போட்ட சின்ன வெங்காயம் அதில் பாதிகூடத் தாங்காது என்று டீச்சர் சொன்னார். நாச்சிமுத்துவும் தன் நிலத்தில் மூன்று ஏக்கர் வெங்காயம் போட்டிருந்தார். அங்கும் இதே கருகல்தான். நோய் என்று நினைத்து நான்கு தடவை மருந்து அடித்துவிட்டு, விதை விற்ற கடைக்காரரிடமும் சண்டை போட்டிருந்தார்.

அன்று மதியம் அவர் வருவார். அவரிடம் சொல்ல வேண்டும். அதுதான் அந்த வெள்ளிக்கிழமையின் சங்கடம். வாய்வார்த்தையில் கொடுத்த நிலம், வாய்வார்த்தையிலேயே திரும்பிப் போய்விடலாம்.

பதினொரு மணிக்கு வகுப்பில் இதைத்தான் பேசினார்கள். நான் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தினேஷ் என்ற உள்ளூர்ப் பையன் முதலில் எழுந்தான்.

"டீச்சர், வெங்காயம் எடுத்து முடிச்சதுக்கப்பறம் சொல்லலாமுங்க. ஒரு மாசந்தானுங்க. இப்ப சொன்னா அவரு சங்கடப்படுவாருங்க."

நிறையத் தலைகள் ஆடின. எஸ்தர் எழுந்தாள். ஒல்லியான பெண், பேசும்போது மேசையைப் பார்த்துத்தான் பேசினாள்.

"ஒரு மாசம் அவுக இன்னும் மருந்து வாங்கி அடிப்பாவ டீச்சர். அந்தத் தண்ணியத்தான் பாச்சுவாவ. நம்ம கையில எண்ண வச்சிக்கிட்டு சும்மா இருந்தா, நம்ம எதுக்கு மீட்டர் வச்சிருக்கோம்?"

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸை மேசையில் வைத்தார். பிறகு, "சொல்லிரலாம். மத்தவங்களுக்கு ஒரு நியாயம், நமக்குத் தண்ணி குடுக்கறவருக்கு ஒரு நியாயம்னு வெக்க முடியாது" என்றார்.

மதியம் டீச்சர் கொண்டுவந்த அரிசிம்பருப்புச் சாதத்தைப் பகிர்ந்து சாப்பிட்டோம். அரிசியையும் துவரம்பருப்பையும் ஒன்றாக வேகவைத்து நெய் விட்ட சாப்பாடு, இந்தப் பக்கம் வந்தால் தவற விடாதீர்கள். டீச்சர் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை.

இரண்டு மணிக்கு வேப்பமரத்தடியில் இரண்டு மேசைகளைப் போட்டார்கள். பத்துப் பன்னிரண்டு விவசாயிகள், கையில் குளிர்பானப் பாட்டில்களில் தண்ணீர். நாச்சிமுத்து மொபெட்டில் வந்தார். அறுபது வயதுக்கு மேல், வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு. பிள்ளைகள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரித்தார். டீச்சர் வகுப்பு முடிந்ததும் போன் செய்து ஒரு பாட்டில் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அவரும் கொண்டு வந்திருந்தார்.

"இந்தா கண்ணு, நம்ம போர்த் தண்ணி. சும்மா பாரு, நம்முளுது ஒண்ணும் ஆகியிருக்காது" என்று எஸ்தரிடம் கொடுத்தார்.

எஸ்தர் குவளையை இரண்டு தடவை அலசினாள். தண்ணீரை ஊற்றி மீட்டரை விட்டாள். எண் நிற்கும் வரை காத்திருந்தாள். சுற்றி நின்ற விவசாயிகளும் எட்டிப் பார்த்தார்கள்.

"ரெண்டாயிரத்து முந்நூத்தி நாப்பது, தாத்தா."

"எவ்வளவு?"

எஸ்தர் மறுபடி சொன்னாள். பின்னால் யாரோ "அடேங்கப்பா!" என்றார். நாச்சிமுத்து சிரிக்கப் பார்த்தார்.

"மீட்டரு கெட்டுப் போயிருக்கும் சாமி. அந்தத் தண்ணியத்தான் நீங்க மூணு வருசமாப் பாச்சறீங்க."

அந்த நேரத்தில்தான் சலீம் வந்தார், வெள்ளிக்கிழமைத் தொழுகையை முடித்துக்கொண்டு நேராக. நடந்ததைக் கேட்டார். பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்தார். "இது அளவு தெரிஞ்ச உப்புத் தண்ணிங்க. மீட்டர் சரியா இருந்தா இதுல என்ன எண் வரணும்னு மேலயே எழுதியிருக்குதுங்க, நீங்களே படிங்க" என்று நாச்சிமுத்துவிடம் கொடுத்தார். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். மீட்டரை அதில் விட்டார்கள். புட்டியில் இருந்த எண்ணே மீட்டரிலும் வந்தது. பிறகு மறுபடி போர்த் தண்ணீர். மறுபடி அதே இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது.

நாச்சிமுத்துவின் முகம் சிவந்துவிட்டது.

"மூணு வருசமா நீங்க பாக்கவே இல்லியா?" என்று டீச்சரைப் பார்த்துக் கேட்டார். "ஊருக்கெல்லாம் பாத்தீங்க. என்ற தண்ணியப் பாக்கலியா? இன்னைக்கு இத்தன பேரு முன்னாடி சொல்றதுக்கு, ஊட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

டீச்சரை முந்திக்கொண்டு எஸ்தர்தான் சொன்னாள்.

"நாங்க பாக்காதது தப்புதான் தாத்தா. எங்க ஊர்லயும் கெணத்துத் தண்ணி உப்பாத்தான் மாறுச்சு. யாரும் எங்கப்பாட்ட சொல்லல. நாலு வருசம் வாழைக்கு அதத்தான் பாச்சுனாவ. கடைசில தோட்டத்த வித்துட்டுத்தான் இங்க வந்தோம். ஒங்களுக்கு அப்பிடி ஆயிறப்பிடாதுன்னுதான் சொல்லுதேன்."

நாச்சிமுத்து அவளைப் பார்த்தார். மொபெட்டை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அதற்கு அப்புறம் இருந்த ஒரு மணி நேரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தினேஷ் எஸ்தரைப் பார்க்காமல் குவளைகளைக் கழுவினான். டீச்சர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "காலைலயே நான் அவரு ஊட்டுக்குப் போயிருக்கோணுமுங்க. புள்ளைங்க தைரியமா இருந்தாங்க, நான்தான் தள்ளிப் போட்டுட்டேன்" என்றார். எஸ்தர் மட்டும் நிறுத்தவில்லை. மிச்சம் இருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து, அலசி, அளந்து, எண்ணைச் சொல்லி, சீட்டு எழுதினாள். இடையிடையே புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வரிசையில் நின்ற பெரியவர்கள் அதைப் பார்க்காதது போல நின்றார்கள். அவர்கள் காட்டிய அந்த மரியாதையை நான் மறக்கமாட்டேன்.

3.40 இருக்கும். மொபெட் சத்தம் கேட்டது. நாச்சிமுத்து திரும்பி வந்தார். வேட்டி முழங்கால் வரை நனைந்து, பாசி ஒட்டியிருந்தது. வண்டியின் முன்னால் ஒரு பிளாஸ்டிக் குடம். இறக்கி மேசை மேல் வைத்தார்.

"இதப் பாரு கண்ணு."

"இது எந்தத் தண்ணி தாத்தா?"

"மொதல்ல பாரு. அப்பறம் சொல்றேன்."

எஸ்தர் அளந்தாள். எழுநூற்று எண்பது. நம்பாமல் குவளையை அலசி மறுபடி அளந்தாள். எழுநூற்று எண்பத்தைந்து.

அது அவருடைய திறந்த கிணற்றுத் தண்ணீர். மூன்று வருடத்துக்கு முன் கிணறு வற்றியபோது ஆயிரத்து நூறு அடிக்குப் புது ஆழ்குழாய் போட்டு, கிணற்று மோட்டாரைக் கழற்றி விற்றுவிட்டார். பிறகு பெய்த மழைகளில் கிணற்றில் தண்ணீர் ஊறியிருந்ததை, முள்மரம் மூடிக் கிடந்ததால் எட்டிப் பார்க்கவே இல்லை. இன்று கோபத்தோடு வீட்டுக்குப் போனவர், முள்ளை ஒதுக்கிவிட்டுப் படி இறங்கி மொண்டுகொண்டு வந்திருக்கிறார்.

"வெங்காயத்துக்கு ஆகுமா?"

"ஆகும் தாத்தா. ஆனா..." எஸ்தர் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் நீயே சொல் என்று தலையசைத்தார். "இப்ப நிக்கித வெங்காயம் முழுசாத் தேறாது. ரொம்பக் கருகுனத எடுத்துரலாம். மிச்சத்துக்குக் கெணத்துத் தண்ணி மட்டும் பாச்சுனா, சின்னதாவாவது காய் புடிக்கும். போர்த் தண்ணிய தென்னைக்கும் தீவனச் சோளத்துக்கும் விடலாம். அதுக தாங்கும். மருந்து இனிமே வேண்டாம்."

"மருந்து வேண்டாமா?"

"வேண்டாம் தாத்தா. இது நோயே இல்ல."

நாச்சிமுத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நனைந்த வேட்டி நுனியைப் பிழிந்தார். பிறகு, "அந்த விதைக்கடைக்காரன என்னென்ன பேசிட்டு வந்தேன் தெரியுமா? அவன் மூஞ்சில எப்படி முழிக்கறதுன்னு தெரியல" என்றார். முதலில் சிரித்தது தினேஷ்தான். அப்புறம் எல்லோரும். கடைசியில் அவரும் சிரித்தார்.

சீட்டு எழுதும்போது எஸ்தர் கேட்டாள். "தாத்தா, ரெண்டு தண்ணியையும் மாசா மாசம் நாங்க வந்து பாக்கட்டா?"

"நானே கொண்டாரேன். நீ எதுக்கு வெயில்ல நடக்கற?" என்றார் அவர். நிலத்தைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. பேச வேண்டிய தேவை இருக்கவில்லை. கிளம்பும்போது பள்ளி வெங்காயத்துக்கும் கிணற்றுத் தண்ணீரே வரும்படி அடுத்த வாரம் குழாயை மாற்றிவிடலாம், மோட்டாருக்கு ஆள் சொல்கிறேன் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

எனக்கு 4.50க்குச் சேவூரில் பஸ். ஆட்டோ எதுவும் இல்லை. நாச்சிமுத்து என்னை மொபெட்டில் ஏற்றிக்கொண்டார். வழியில் நான் கேட்காமலேயே சொன்னார்.

"கோவம் அந்தப் புள்ள மேல இல்லீங்க. டீச்சர் மேலயும் இல்லீங்க. வெங்காயத்த தினமும் ரெண்டு நேரம் போய்ப் பாக்கறவன் நானு. சொட்டுக் குழாயில வெள்ளையாப் பூத்திருந்தத நானும் பாத்தனுங்க. அது என்னான்னு ஒரு நாளும் ரோசனை பண்ணல. அந்தப் புள்ளைக்கு இருக்கறது பதினேழு வயசுங்க."

இனி என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் அந்த அப்பா கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது. களை வெட்டுவது அங்கேயும் உண்டு. ஆனால் அங்கே பிள்ளைகளுக்குக் கிடைப்பது மண்வெட்டிப் பழக்கம் மட்டும் இல்லை. ஒரு பயிர் ஏன் கருகுகிறது என்று கண்டுபிடிக்கிறார்கள், கண்டுபிடித்ததை மரியாதையோடு பெரியவர்களிடம் சொல்கிறார்கள், அவர்கள் கோபப்பட்டாலும் அடுத்த பாட்டிலை அளக்கிறார்கள். இதைப் பாடப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் சொல்லித் தர முடியும்? ஊர்க்காரர்கள் நிலம், சாணம், பனியன் துணி, மீட்டர் என்று கொடுப்பதோடு விடாமல், பிள்ளைகள் சொல்வதைக் கேட்கவும் வருகிறார்கள். அது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

குறையும் உண்டு. வேளாண் பிரிவில் சேர்ந்த முப்பத்தெட்டுப் பேருக்குத்தான் இது. கணக்கு, அறிவியல் பிரிவுப் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். கலாமணி டீச்சருக்கு இடமாற்றம் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. எஸ்தர் வேளாண் படிப்புக்கு விண்ணப்பிக்க ஆசைப்படுகிறாள். "அம்மைக்கு இஷ்டமில்ல. மறுபடியும் மண்ணுக்கே போறியாங்காவ" என்றாள். தோட்டத்தை விற்றுவிட்டு வந்த ஒரு அம்மா அப்படிக் கேட்பதை நான் எப்படித் தப்பு என்று சொல்வது?

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். இது அரசுப் பள்ளி, சுற்றுலா இடம் இல்லை. இப்படித் தோட்டம் நடத்தும் எந்தப் பள்ளிக்குப் போனாலும் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள், நானும் எடுக்கவில்லை. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் செய்முறைத் தேர்வு, பொதுத் தேர்வு என்று இருக்கும், அப்போது போய்த் தொந்தரவு செய்யாதீர்கள். சேவூரிலிருந்து உள் ஊர்களுக்கு மதியத்தில் பஸ் குறைவு, போகும்போதே ஆட்டோக்காரரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளில், வளர்மதி வீட்டில் தங்கியதால் அறை வாடகை இல்லாமல், போக வரப் பஸ், ஆட்டோ, சாப்பாடு எல்லாம் சேர்த்து அறுநூற்று எண்பது ரூபாய் ஆனது. லாட்ஜில் தங்குபவர்கள் அதைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குத் திரும்பியபின், திங்கட்கிழமை முதல் வேலையாக, எங்கள் பள்ளி ஆழ்குழாயில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து, வட்டார வேளாண்மை அலுவலகத்தில் சோதனைக்குக் கொடுத்தேன். அந்தக் குழாயைப் போட்டுக் கொடுத்தவர் எங்கள் ஊரில் எல்லோரும் எழுந்து நின்று வணக்கம் சொல்லும் பெரிய மனிதர். குழுக் கூட்டத்தில் முன் வரிசையில் உட்காருகிறவர். இதை எழுதும்போது முடிவு இன்னும் வரவில்லை. நல்லதாக வந்தால் சந்தோஷம். அப்படி வராவிட்டால், கூட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய், அந்த எண்ணை அவரிடம் நானே சொல்வேன். என்ன வார்த்தையில் ஆரம்பிப்பது என்று இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.